மேல்கணக்கிலிருந்து வந்த குழாய்கள்

1

இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம் நிறைந்த அன்று எனக்கு ஊரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. எனக்கு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு வந்தது. பிரித்து, எண்ணி, கையெழுத்துப் போட்டு, குளிர்பெட்டியில் அடுக்குவது என் வேலை என்பதால் என் கைக்கு வந்தது. உள்ளே விரல் நீளக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் மதுசாரத்தில் ஊறிய ஒரு சிட்டிகை மனித மலம். ஊரிலிருந்து பார்சல் என்றால் இங்கே இருக்கும் மற்றவர்களுக்குக் கருவாடும் மிளகாய்த்தூளும் வருகிறது. எனக்கு வாய்த்தது இது.

பெட்டியோடு வந்த தாளில், மாதிரி எடுத்த இடம் என்ற கட்டத்தில், இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயர் இருந்தது. பிரிவு என்ற கட்டத்தில் மேல்கணக்கு. கீழ்கணக்கு, மேல்கணக்கு என்று எங்கள் தோட்டம் இரண்டு பிரிவு. நான் பிறந்தது மேல்கணக்கில், பிள்ளைமடுவத்துக்குப் பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தைத்தான் நாங்கள் பிள்ளைமடுவம் என்போம். அந்த மடுவத்தில் இப்போது பிள்ளை பார்ப்பது என் அக்கா புஷ்பவதி.

ஸ்கொட்லாந்தில், கடலைப் பார்த்த ஒரு ஜன்னலின் கீழே, கையுறையோடு அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு ஒப்பரேஷன் நடந்தது. ஒரு மாதம் வந்து கூட இருக்கட்டும் என்று அக்காவுக்கு விசா போட்டோம். அவர் கொழும்புக்கு மூன்று தடவை பஸ் ஏறினார், கைரேகை கொடுத்தார், தோட்டத்து ஐயாவிடம் கடிதம் வாங்கினார். திரும்பிப் போவதற்குப் போதிய காரணம் இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. அக்காவுக்கு மலையில் தாய்மாரும் மடுவத்தில் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். அது காரணமாகத் தெரியவில்லைபோல. இந்தக் குழாய்களுக்கான அனுமதிக்கும் நான்தான் படிவம் நிரப்பியிருந்தேன், அதில் நாட்டின் பெயரை மட்டும்தான் கேட்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் கிடைத்துவிட்டது. மேல்கணக்கு மனுசர்களின் மலம் இந்த நாட்டுக்குள் வரலாம், மனுசர்கள் வரக்கூடாது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் நானே சிரித்துக்கொண்டேன்.

2

என் வேலையைப் பற்றி ஊரில் பலருக்குப் பல எண்ணம். நான் மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று அக்கா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் கண்டுபிடிப்பவர்கள் வேறு. நான் கழுவுகிறேன், அளக்கிறேன், குலுக்குகிறேன், மெஷினில் போடுகிறேன், வந்ததைக் கட்டத்தில் எழுதுகிறேன். கெம்பஸில் உயிரியல் படித்தவள், இங்கே வந்து இன்னொரு பட்டமும் வாங்கினவள். இருந்தும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வந்து, மாதிரியை எங்கே வைத்தாய் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். பழகிவிட்டது.

நாங்கள் துரத்துவது கொக்கிப்புழுவை. நூல் துண்டு அளவுதான் இருக்கும். ஈர மண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் குடலில் வந்து கடித்துக்கொண்டு தொங்கும். இரத்தம் உறையாமலிருக்க ஒரு சாமானைச் சுரந்து, நிதானமாகக் குடிக்கும். ஆளைக் கொல்லாது. ஆள் செத்தால் அதற்குச் சாப்பாடு போய்விடுமே. ஆளைக் களைப்பாக வைத்திருக்கும், அவ்வளவுதான். களைத்த மனுசரிடம் வருடக்கணக்கில் குடியிருக்கலாம்.

ஊரில் பூச்சி மாத்திரை என்று கொடுப்பது இந்தப் புழுவின் உடம்புக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடிக்கும் மருந்து. கட்டடம் கட்டும்போது மூங்கில் சாரம் கட்டுவார்களே, உயிரணுவுக்குள்ளும் அப்படி ஒரு சாரம் உண்டு. டியூபுலின்தான் அதற்கு மூங்கில். மாத்திரை போய் அந்த மூங்கிலில் ஒட்டிக்கொண்டால் சாரம் எழும்பாது, புழு பட்டினி கிடந்து விழும். ஆனால் அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிவிட்டால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. இந்த நாட்டுச் செம்மறியாடுகளின் புழுக்களில் அது எப்போதோ நடந்துவிட்டது. எந்த மருந்தை ஊற்றினாலும் சாவதில்லை என்று ஆட்டுக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். மனுசப் புழுவிலும் அது தொடங்கிவிட்டதா என்று பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பாதி. மற்றப் பாதி, அப்படியானால் அடுத்து எதைக் கொடுப்பது என்று தேடுவது. குட்டிக் கிண்ணங்களில் புழுக்களை விட்டு, புதிய புதிய மருந்தைச் சொட்டு விட்டு, எது நெளிவதை நிறுத்துகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் எல்லாம் நெளிந்துகொண்டேதான் இருக்கின்றன.

எங்களுக்குத் தலைவி ஃபியோனா. நல்லவள். நான் பேச்சுவாக்கில் 'ஹரி, ஹரி' என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு, இப்போது அவளும் குழாய் மூடும்போதெல்லாம் 'ஹரி' என்கிறாள். அது தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது சிங்களம், சரி என்று பொருள், பலாங்கொடைப் பக்கத்தில் வளர்ந்தால் எந்தச் சொல் யாருடையது என்று நாக்குக்குத் தெரியாது என்று விளக்கப் பார்த்தேன். அது நீண்ட கதையாகப் போகவே விட்டுவிட்டேன். இங்கே நான் விட்டுவிட்ட நீண்ட கதைகள் நிறைய.

3

ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு குழாய். மாத்திரை கொடுப்பதற்கு முன் எடுத்தது ஒன்று, மூன்று வாரம் கழித்து எடுத்தது ஒன்று. முதலாவதில் புழு முட்டையின் டி.என்.ஏ. இருந்து, இரண்டாவதில் இல்லாவிட்டால் மருந்து வேலை செய்திருக்கிறது.

மேல்கணக்குப் பிள்ளைகளின் இரண்டாம் குழாய்கள் சுத்தமாக இருந்தன. தாய்மாருடையவை அப்படியே இருந்தன. குறையவுமில்லை. பெண்களில் ஒரே ஒருத்தி, முப்பத்தோராம் எண், அவளுடையது மட்டும் பிள்ளைகளுடையதைப் போலச் சுத்தம்.

ஃபியோனா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் திரையைப் பார்த்தாள். மரபணுவைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். இரண்டு வாரம் அதுதான் வேலை. எழுத்து மாறக்கூடிய இடங்கள் மூன்றும் எனக்கு மனப்பாடம். மூன்றிலும் ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரை விழுந்திருந்தால் செத்திருக்க வேண்டிய, சாதாரணப் புழு.

நான் ஏமாந்த முகத்தோடு போய்ச் சொன்னேன். ஃபியோனாவுக்குக் கண் மின்னியது. தெரிந்த வழியில் மாறவில்லை என்றால் தெரியாத வழியில் மாறியிருக்கிறது என்று பொருளாம். புழு மருந்தை வெளியே தள்ளக் கற்றுக்கொண்டிருக்கலாம், வேறு ஏதாவது செய்யலாம். பிள்ளைகளுக்கு ஏன் குணமானது என்று கேட்டேன். பிள்ளைகளிடம் புழு குறைவு, பெரியவர்களிடம் பழைய புழு, அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. மேல்கணக்கை எதிர்ப்புள்ள இடம் என்று அறிக்கையில் எழுதலாம், அடுத்த கட்டமாக அங்கேயே பெண்களுக்கு இரண்டு மருந்தைச் சேர்த்துக் கூடின அளவில் கொடுத்துப் பார்க்கலாம் என்று பலகையில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

நான் மாத்திரை கொடுத்த நாளின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எண்களுக்கு எதிரே எல்லாம் சரி போட்டிருந்தது. மேலே அச்சிட்டிருந்தது: கண் முன்னால் விழுங்கினார். கீழே, கண்காணித்தவர் கையெழுத்து. 'வ'வுக்கு வால் வைத்து எழுதும் ஒரே ஆளை எனக்குத் தெரியும். எனக்கு அ, ஆ எழுதப் பழக்கினதே அக்காவின் அந்தக் கைதான்.

4

அம்மா மலையிலிருந்து வந்ததும் ஈரச் சேலையை அவிழ்த்துக் கொடியில் போடுவது என் வேலை. பிழிவதற்கு முன் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். வெற்றிலைத் துண்டு இருக்கும், சில்லறை இருக்கும். வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அதற்குள் வெள்ளையாக மாவு மாதிரி ஒன்று கரைந்து அப்பியிருக்கும். ஒரு தடவை நக்கிப் பார்த்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தார். அது பூச்சி மாத்திரை. காலையில் பிரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் போடும்போது, டிஸ்பென்சரி ஐயா கொடுத்தது. சப்ரகமுவ மழையில் சேலை நனைந்து முடிச்சுக்குள்ளேயே கரைந்து போனது.

ஏன் விழுங்கவில்லை என்று அன்று நான் கேட்கவில்லை. எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். அதற்கு முந்தைய காலத்தில் பூச்சி மருந்து என்றால் எண்ணெயும் பேதி உப்பும்தானாம். குடித்தால் வயிற்றைக் கலக்கிக்கொண்டு போகுமாம். மாத்திரை வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. சிலருக்கு வயிறு வலித்தது, சிலருக்குத் தலை சுற்றியது, எல்லாருக்கும் பயம் இருந்தது. காலை ஏழு மணிக்கு மலையேறினால் கொழுந்து நிறுக்க இறங்கும் வரைக்கும் பெண்களுக்கு ஒதுங்க ஒரு கக்கூசு கிடையாது. செடிக்குப் பின்னால்தான். மேல் நிரையில் கங்காணி நிற்பார். அதற்காகவே எங்கள் பெண்கள் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தண்ணீரே குடிக்காதவர்கள் வயிற்றைக் கலக்கும் என்று கேள்விப்பட்ட மாத்திரையை எப்படி விழுங்குவார்கள்? வீட்டுக்குப் போய் விழுங்கலாம் என்று முடிந்துகொள்வார்கள். வீட்டில் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும்.

செடிக்குப் பின்னால் ஒதுங்குகிற மண்ணில்தான் புழுவும் பிறக்கிறது. இத்தனை வருடம் இதையே கழுவி அளந்துகொண்டிருந்த எனக்கு அந்த முந்தானை ஏன் அதுவரை ஞாபகம் வரவில்லை என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அம்மா எப்போது பார்த்தாலும் களைப்பாக இருப்பார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். ஐம்பது வயது முடியவில்லை, போய்விட்டார். இதயம் என்றார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவோடு பேசுவது வழக்கம். என் கணவர் பஸ் ஓட்டப் போயிருப்பார். மகள் தாரணியைப் பிடித்து இழுத்துப் போனுக்கு முன்னால் நிறுத்துவேன். பதினைந்து வயது. "பெரியம்மா, சாப்பிட்டீங்களா? நான் நல்லா இருக்கேன்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடுவாள். அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை. சின்ன வயதில் இருந்தது. எந்த வருடம் போனது என்று எனக்கே தெரியாது. பால்பல் விழுந்ததையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், இதை எழுதவில்லை.

அன்று அக்காவிடம் நேராகக் கேட்டேன். எங்களுக்காக மாதிரி எடுக்கக் கெம்பஸ் பிள்ளைகள் வந்து மாத்திரை கொடுத்த அன்று தாய்மார் விழுங்கினார்களா?

அக்கா சிரித்தார். புள்ளைங்களுக்கு நானே வாழைப்பழத்துல வச்சுக் குடுத்தேன், நானும் முழுங்கினேன், மடுவத்துலதான் கக்கூசு இருக்கே என்றார். முப்பத்தோராம் எண் யாரென்று எனக்குப் புரிந்தது. மத்தவங்க மலைக்குப் போற அவசரத்துல நின்னாங்க, பொழுதுக்கு முழுங்குறோம்னாங்க, பாவம், நான் சரி போட்டுட்டேன் என்றார். கெம்பஸ் பிள்ளைகள் அந்த நேரம் எடை பார்க்கும் தராசை அடுத்த அறையில் பொருத்திக்கொண்டிருந்தார்களாம். மாத்திரையைச் சாயங்காலமாவது யாராவது விழுங்கினார்களா என்று கேட்டேன். ஒருத்தி ஆட்டுக்குக் கொடுத்தாளாம், ஆடு நன்றாகத் தேறிவிட்டதாம்.

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பலகையில் எழுதியிருந்ததைச் சொன்னேன். மேல்கணக்குப் புழுவுக்கு மருந்து பிடிக்கவில்லை என்று எழுதப் போகிறார்கள், அடுத்த தடவை இன்னும் கடுமையான மருந்தாக இரண்டு கொடுப்பார்கள் என்றேன். அக்காவின் சிரிப்பு நின்றது. நான் உண்மையைச் சொன்னால் படிவத்தைத் தேடுவார்கள், படிவத்தில் அவருடைய கையெழுத்து என்பது அவருக்கு நான் சொல்லாமலே புரிந்தது.

"என் வேல போயிரும் தங்கச்சி," என்றார். "திரும்ப மலைக்குத்தான் போகச் சொல்லுவாங்க. இந்த மூட்டோட என்னால ஏற ஏலுமா?"

இருபது வருடம் கொழுந்தெடுத்து, முழங்கால் தேய்ந்து, ஒருவாறு கிடைத்த மடுவத்து வேலை அது. என்னைக் கெம்பஸ் அனுப்பினது அவர் எடுத்த கொழுந்து. நான் இப்போதைக்கு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

6

அந்த வாரம் முழுக்க நான் சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால். ஃபியோனா அறிக்கையின் முதல் பிரதியை அனுப்பி, உன் பங்கைச் சரிபார் என்றாள். என் பங்கு சரியாகத்தான் இருந்தது. எண்கள் எல்லாம் சரி, எழுத்துகள் எல்லாம் சரி. பொய் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அது எங்கள் வீட்டுக் கையெழுத்தில் இருந்தது.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கடுமையான மருந்து வரும். அதை விழுங்க வைக்க யாரையாவது வாயைத் திறந்து பார்க்க வைப்பார்கள். கடும் மழையில், வெறும் வயிற்றில், இரண்டு மருந்தையும் விழுங்கிவிட்டு அந்தப் பெண்கள் மலையேறுவார்கள். ஒரு மாத்திரையில் போகக்கூடிய புழுவுக்காக. ஆனால் அக்காவின் முழங்காலையும் நினைத்தேன். இரண்டில் எதை நினைத்தாலும் மற்றது வந்து நின்றது.

புதன்கிழமை, ஞாயிறுக்குக் காத்திருக்காமல் அக்காவே எடுத்தார். நான் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் மடுவத்துப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. மேல்லயத்தில் மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் வெளிறிப் போய் மலையில் மயங்கி விழ, அவளை லொறியில் ஏற்றிப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். உடம்பில் இரத்தம் போதவில்லை என்றார்களாம். அவளுக்கும் நான் சரி போட்டிருந்தேன் என்றார்.

"சொல்லிரு," என்றார். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன. ஆனா முழுங்கலன்னு மட்டும் எழுதக் கூடாது. ஏன் முழுங்கலங்கறதையும் எழுதணும். மலையில ஒதுங்க எடமில்லன்னு எழுதணும். எழுதுவியா?"

எழுதுகிறேன் என்றேன். சத்தியமா என்று கேட்டார். சத்தியம் என்றேன்.

அன்று மத்தியானம் ஃபியோனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து என் அக்காவுடையது என்பதையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. எழுந்து போய் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு வருட வேலையைத் தப்பான வழியில் போகாமல் காப்பாற்றினாய் என்றாள். பலகையில் எழுதியிருந்ததை அவளே துடைத்தாள். நான் என் பங்கில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். இன்ன மலையில், இத்தனை மணி நேரம், பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, அதனால் வேலை நாளின் காலையில் மாத்திரையை விழுங்குவதில்லை, மழையில் அது முந்தானையில் கரைந்து போகிறது, மாலையில் வீட்டு வாசலில் கொடுத்தால் விழுங்குவார்கள். இவ்வளவுதான். பதினொரு வருடத்தில் நானாக எழுதின நான்கு வரி.

7

கடைசிப் பிரதி வந்தபோது அந்த நான்கு வரி இல்லை. இரண்டு சொல் இருந்தது. தமிழில் சொன்னால் 'ஒத்துழைப்புக் குறைவு'. பக்கத்திலேயே, இனிமேல் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களை அமர்த்த வேண்டும் என்ற பரிந்துரை.

ஃபியோனாவிடம் போனேன். உன் வரிகள் நல்ல வரிகள், ஆனால் இது ஒரு மூலக்கூற்றைப் பற்றிய அறிக்கை என்றாள். இடமும் இல்லை, மதிப்பிடுபவர்கள் கேள்வி கேட்பார்கள், கழிப்பறைக்கு நம்மிடம் ஆதாரம் இல்லை என்றாள். ஆதாரம் என் அம்மா என்று சொல்ல வாய் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஃபியோனா நல்லவள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தத் தாளை வீட்டு மேசையில் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தேன். தாரணி எடுத்து வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிக்கிறாள், இப்படித் தாள்கள் அவளுக்குப் புரியும். பெரியம்மாவின் தோட்டமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் போனுக்கு முன்னால் நிற்காத நேரங்களிலும் மாடிப்படியில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பேசத்தான் தமிழ் இல்லை, காது இருந்திருக்கிறது. ஒத்துழைக்காதது யார் என்று இதில் தப்பாக எழுதியிருக்கிறது, அம்மா, என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் அழுதேன்.

பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். எழுதினேன் என்று சொன்னேன் என்றேன். அச்சில் வந்ததா என்று பெரியம்மா கேட்டால் என்ன சொல்வாய் என்றாள். அதனால்தான் அந்த நான்கு வரியை இங்கே, நீங்கள் வாசிக்கக்கூடிய பாஷையில், எழுதி வைத்திருக்கிறேன். இங்கே யாரும் மதிப்பிட மாட்டார்கள். சத்தியத்தில் கால்வாசியாவது கழியட்டும்.

8

பரிந்துரை போய்ச் சேர்ந்தது. நல்ல சாமான் போகாத தோட்டத்துக்குக் கடுதாசி மட்டும் ஒழுங்காகப் போகும். மடுவத்துக்குப் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளராக ஒரு பெண்பிள்ளையைப் பலாங்கொடையிலிருந்து போட்டிருக்கிறார்கள். அக்காவை யாரும் திட்டவில்லையாம், மரியாதையாகத்தான் சொன்னார்களாம். மேல்கணக்கில் ஆள் குறைவு, கொழுந்துக்கு வாங்க என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு குறைந்தது. போனை எடுத்தாலும் முழங்காலைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் பேசாததால் நானும் கேட்கவில்லை.

போன வாரம் இரண்டாவது சுற்று மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு இங்கே நாள் தெரியும், அட்டவணை என்னிடம்தான் இருக்கிறது. இந்தத் தடவை கண்காணிப்பாளர் வாயைத் திறந்து பார்ப்பார், காலையில், பிரட்டுக் களத்தில். வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். மூச்சிரைக்க எடுத்தார். சாப்பாட்டுக்குச் செடிக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். பக்கத்தில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வாயைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்தார்களாம். நாக்குக்கடியில் பார்க்கத் தெரியவில்லையாம், சின்னப் பிள்ளை, பாவம் என்றார்.

"நீங்க முழுங்கினீங்களா அக்கா?"

முப்பத்தோராம் எண் குழாய் எனக்குக் கண்ணில் வந்தது. அடுத்த மாதம் அதை நான்தான் திறக்க வேண்டும்.

"முந்தானையில இருக்கு," என்றார். "வீட்டுக்குப் போயி முழுங்குறேன்."

அங்கே மழையா என்று கேட்டேன்.

"விடியலேருந்து மழதான்," என்றார்.